கோர்ச்சுலாவில் ஒரு வீடு, வெனிஸில் ஒரு முற்றம்

ஒரேபிச் துறையில் படகேறினால் கால் மணி நேரம் போல ஆகும், கோர்ச்சுலா வந்துவிடும். குரோவேஷியாவின் தெற்குக் கடற்கரையில், பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்துக்கு நேர் எதிரே கிடக்கும் தீவு இது. மதிலும் கொத்தளமுமாகக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பழைய ஊர், நடுவில் புனித மாற்கு பேராலயம். பேராலயத்தைத் தாண்டிப் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தால் கல்லால் கட்டிய ஒடுக்கமான ஒரு வீடும், அதன் தலையில் ஒரு சிறு கோபுரமும் தெரியும். தெருவின் பெயர் டெபோலோ. வீட்டின் பெயர் மார்க்கோ போலோ வீடு.

டிக்கெட் வாங்கிக்கொண்டு கோபுரத்தில் ஏறலாம். மேலே போனால் செங்கல் நிற ஓட்டுக் கூரைகளும், அவற்றுக்கு அப்பால் நீலக் கால்வாயும், அக்கரை மலையும். கீழே இறங்கினால் ஊர் முழுக்க அவர் பெயர்தான். அவர் பெயரில் ஹோட்டல் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது, நினைவுப் பொருள் கடைகள் இருக்கின்றன. “உலகம் சுற்றிய மார்க்கோ போலோ பிறந்த ஊர்” என்று சொல்லித்தான் பயணிகளை அழைக்கிறார்கள்.

இதை ஒரு வெனிஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள். ஒன்று சிரிப்பார், இல்லையென்றால் கோபப்படுவார்.

யார் சொல்வது சரி? விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் தராசு வெனிஸ் பக்கம்தான் நன்றாகத் தாழ்கிறது. கோர்ச்சுலாவின் கையில் மார்க்கோவின் காலத்து ஆவணம் ஒன்றுகூட இல்லை. ஆனால் வெனிஸும் “இதோ, இந்த வீட்டில்தான் பிறந்தார்” என்று ஒரு கதவைக் காட்ட முடியாது. அங்கே பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் இடமும் அவர் பிறந்த இடம் அல்ல. பிறந்த வீடு என்று எதையும் சுட்ட முடியாத ஒரு மனிதருக்குப் பிறந்த வீடு எப்படி முளைத்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது.

இன்று ஒருவர் எங்கே பிறந்தார் என்று கேட்டால் சான்றிதழை எடுத்து நீட்டிவிடலாம். 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அப்படி ஒன்று கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபை ஞானஸ்நானப் பதிவேடுகளை எல்லாப் பங்குகளிலும் (ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உரிய வட்டாரங்களிலும்) முறையாக வைக்கச் சொன்னதே, ஆயர்கள் கூடி 1563இல் முடித்த திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகுதான். அதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்னால் பிறந்த ஒரு வியாபாரி வீட்டுப் பிள்ளையின் பெயரை யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்?

எல்லாப் புத்தகங்களிலும் பார்க்கும் 1254 என்ற பிறந்த ஆண்டுகூடக் கணக்குப் போட்டுப் பிடித்ததுதான். தந்தை நிக்கோலோவும் சிற்றப்பா மஃபேயோவும் வியாபாரத்துக்காகக் கிழக்கே போய், மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அவை வரை சென்று, 1269இல் திரும்பி வருகிறார்கள். வெனிஸுக்கு வந்து பார்த்தால் நிக்கோலோவின் மனைவி இறந்துபோயிருக்கிறாள்; மகன் மார்க்கோவுக்கு 15 வயது. மார்க்கோவின் பயண நூல் சொல்வது இவ்வளவுதான். 1269இலிருந்து 15ஐக் கழித்தார்கள், 1254 வந்தது. அதிலும் பாருங்கள், எல்லாக் கையெழுத்துப் பிரதிகளும் 15 என்று சொல்லவில்லை. 12 என்று சொல்வதும் உண்டு, 17 என்பதும் உண்டு. பிரதி எடுத்தவரின் கை சற்று வழுக்கினால் பிறந்த ஆண்டே மாறிப்போகும்.

ஆனாலும் அந்தச் சின்னக் குறிப்பு வெனிஸுக்குச் சாதகமானது. தந்தை ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது பிள்ளை வளர்ந்தது வெனிஸில். 1271இல் தந்தையோடும் சிற்றப்பாவோடும் புறப்பட்டதும் அங்கிருந்துதான். 24 ஆண்டுகள் கழித்து 1295இல் திரும்பி வந்ததும் அங்கேதான்.

சரி, கோர்ச்சுலா எதை வைத்து வாதாடுகிறது?

முதலில் பழைய குடும்ப வரலாறுகள். போலோ குடும்பம் 1033இல் டால்மேஷியாவின் (இன்றைய குரோவேஷியக் கடற்கரைப் பகுதி) சிபெனிக் நகரத்திலிருந்து வெனிஸுக்குக் குடியேறியதாக 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வெனிஸ் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளிகளில் ஒரு செய்தி வருகிறது. மார்க்கோ பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கும் மேல் முந்திய சம்பவத்தை, அவர் இறந்து இன்னொரு 200 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஒருவர் எழுதுகிறார். அக்காலப் பெரிய வீட்டு வம்சாவளிகள் எப்படித் தயாராகும் என்று நமக்குத் தெரியாதா என்ன? நம் ஊர் ஜமீன்களின் வம்சாவளிகளைப் புரட்டியவர்கள் இதை லேசில் நம்ப மாட்டார்கள். சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது சிபெனிக்குக்குத்தான் பெருமை சேர்க்கும். கோர்ச்சுலாவுக்கு அல்ல.

அடுத்தது பெயர். கோர்ச்சுலாவில் டெபோலோ என்ற குடும்பப் பெயர் உண்டு, அந்தத் தெருவுக்கே அதுதான் பெயர். ஆனால் தீவின் ஆவணங்களில் இந்தக் குடும்பம் தென்படுவது மார்க்கோவின் காலத்துக்குப் பிறகு. அப்புறம், ‘போலோ’ என்பது பவுல் என்ற பெயரின் வெனிஸ் வட்டார வடிவம். அவ்வளவு சாதாரணமான பெயர். வெனிஸில் ஒரு வட்டாரத்துக்கே சான் போலோ என்று பெயர். அட்ரியாட்டிக் கடலின் இரு கரைகளிலும் போலோக்கள் இருந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. முத்துப்பேட்டையில் ஒரு முத்துசாமி இருந்தால் எல்லா முத்துசாமிகளும் முத்துப்பேட்டைக்காரர்கள் ஆகிவிடுவார்களா?

பெயரை வைத்து இன்னும் வேடிக்கையான ஒரு வாதமும் உண்டு. வெனிஸ் போலோ குடும்பத்தின் கேடயச் சின்னத்தில் பறவைகள் இருந்தன. ‘போலா’ என்றால் வெனிஸ் பேச்சில் காக்கை இனத்துச் சிறு பறவை ஒன்று. பெயரை வைத்து விளையாடிய சின்னம் அது. குரோவேஷியப் பக்கத்து ஆர்வலர்கள் சிலர் அதே பறவையைக் கோழிக்குஞ்சு என்கிறார்கள். குரோவேஷிய மொழியில் கோழிக்குஞ்சுக்கு ‘பிலிச்’ என்று பெயர். ஆகவே குடும்பத்தின் மூலப் பெயர் பிலிச், இத்தாலிய வாயில் புகுந்து போலோ ஆனது, அவர் மார்க்கோ பிலிச்! காக்கையைக் கோழிக்குஞ்சாக்கும் இந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

மூன்றாவது வாதம் ஒரு போர். தீவின் உண்மையான வரலாறு இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

13ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் வியாபாரத்தில் வெனிஸும் ஜெனோவாவும் கீரியும் பாம்பும். 1298 செப்டம்பரில் லாம்பா டோரியா என்ற ஜெனோவா தளபதி தன் கப்பல் படையோடு அட்ரியாட்டிக்குக்குள்ளேயே புகுந்துவிட்டார். வெனிஸின் வீட்டு முற்றத்துக்குள் வந்து நிற்பது போன்ற காரியம் அது. ஆந்திரேயா டண்டோலோவின் தலைமையில் 90க்கும் மேற்பட்ட வெனிஸ் போர்க்கப்பல்கள் எதிர்கொண்டன. மோதல் நடந்தது கோர்ச்சுலாவுக்கும் பெல்யெஷாட்ஸுக்கும் அருகிலுள்ள நீரில். எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் வெனிஸ் படுதோல்வி அடைந்தது. அதன் கப்பல்களில் மிகச் சிலவே தப்பின, ஆயிரக்கணக்கானவர்கள் சிறைபட்டார்கள். சிறைபட்ட டண்டோலோ அவமானம் தாங்காமல் கப்பல் பலகையில் தலையை மோதி உயிரை விட்டார் என்றும், வென்ற டோரியா அதே போரில் மகனைப் பறிகொடுத்து அவன் உடலைக் கடலிலேயே இறக்கினார் என்றும் சொல்வார்கள்.

அந்தக் கைதிகளில் ஒருவர் மார்க்கோ போலோ என்பதுதான் கதை. ஜெனோவாச் சிறையில் பீசா நகரத்து ரஸ்டிச்செல்லோ என்பவர் கூட இருந்தார். ஆர்தர் அரசனின் வீரக் கதைகளை எழுதிக்கொண்டிருந்த எழுத்தாளர் அவர். மார்க்கோ சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இத்தாலிய நெடி அடிக்கும் பிரெஞ்சு மொழியில் பயண நூல் பிறந்தது. 1299இல் இரு நகரங்களும் சமாதானம் செய்துகொண்டன, கைதிகள் வீடு திரும்பினார்கள். போர் நடக்காமல் இருந்திருந்தால், அல்லது வெனிஸ் வென்றிருந்தால், மார்க்கோ தன் அனுபவங்களை யாரிடமும் உட்கார்ந்து சொல்லாமலே போயிருக்கலாம். நாம் அவர் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அந்த வகையில் பயணி மார்க்கோ கோர்ச்சுலா நீரில்தான் பிறந்தார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். நூலின் முன்னுரை 1298இல் ஜெனோவாச் சிறையில் இருந்ததைச் சொல்கிறதே தவிர, எங்கே பிடிபட்டார் என்று சொல்லவில்லை. கோர்ச்சுலாப் போரில் பிடிபட்டார் என்று விரிவாக எழுதியவர், பயண நூல்களைத் தொகுத்து வெளியிட்ட ரமுசியோ. அவருடைய தொகுப்பு வெளிவந்தது 1559இல், அதாவது போர் நடந்து 261 ஆண்டுகள் கழித்து. இவருக்கு முன்பே, மார்க்கோவின் காலத்தை ஒட்டி வாழ்ந்த ஜாக்கோப்போ ட’ஆக்வி என்ற துறவி வேறு கதை சொல்கிறார். 1296இல், இன்றைய துருக்கியின் தென்கரையில் உள்ள ஆயாஸ் துறைமுகத்துக்கு அருகே நடந்த மோதலில் பிடிபட்டார் என்பது அவர் கணக்கு. செப்டம்பரில் போர் நடந்து, கைதிகளை ஜெனோவா கொண்டுபோய், டிசம்பருக்குள் அவ்வளவு பெரிய நூலை எழுத முடியுமா என்று பார்த்தால், 1296 பொருத்தமாகவே படுகிறது. அப்படியானால் கோர்ச்சுலாவுக்கு இருந்த அந்த ஒரு பிடிமானமும் தளர்ந்துபோகிறது.

இப்போது வெனிஸ் பக்கம் வருவோம். அங்கே வீடுகளை விடக் காகிதங்கள் அதிகம். மார்க்கோவின் பெரியப்பா, அவர் பெயரும் மார்க்கோதான், 1280இல் எழுதிய உயில் இருக்கிறது. முன்பு கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்து இப்போது வெனிஸின் சான் செவேரோ பங்கில் வசிப்பவர் என்று அதில் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். கிரிமியாவின் சொல்தாயா ஊரில் குடும்பத்துக்கு இருந்த வீட்டைப் பற்றியும் பேசுகிறார். சிற்றப்பா மஃபேயோவின் 1310ஆம் ஆண்டு உயில், பெரிய கான் கொடுத்த தங்கப் பட்டயங்களைக் குறிப்பிடுகிறது. பயணம் கட்டுக்கதை என்பவர்களுக்கு இந்த உயில் கொஞ்சம் சங்கடம். 1305இல் மதுவைக் கள்ளத்தனமாகக் கடத்திய ஒருவருக்கு விதித்த அபராத விவகாரத்தில் ‘மிலியோன்’ என்ற பட்டப்பெயரோடு மார்க்கோ ஜாமீன்தாரராக வந்து நிற்கிறார். உலகம் சுற்றியவர் கடைசியில் தெருக்காரனுக்கு ஜாமீன் போட்டுக்கொண்டிருந்தார் என்பதைப் படிக்கும்போது மனிதர் சட்டென்று நெருக்கமாகிவிடுகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய சொந்த உயில். 1324 ஜனவரியில், மரணப் படுக்கையில், ஜோவான்னி ஜுஸ்டினியான் என்ற பாதிரியார் (நோட்டரியும் அவரே) தோலில் எழுதியது. வெனிஸின் மார்ச்சானா நூலகத்தில் இன்றும் இருக்கிறது. மனைவி டொனாட்டா, மகள்கள் ஃபான்டினா, பெல்லெலா, மொரெட்டா ஆகியோருக்குச் சொத்தைப் பிரிக்கிறார். பீட்டர் என்ற தாத்தாரிய அடிமையை விடுதலை செய்கிறார். சான் லொரென்சோ ஆலயத்தில் தன்னைப் புதைக்கச் சொல்கிறார். 2022இல் வெனிஸ் அரசு ஆவணக் காப்பகத்திலிருந்து இன்னொரு உயிலும் வெளிச்சத்துக்கு வந்தது. 1319இல் ஆக்னெசே என்ற பெண் எழுதியது அது. மணவாழ்வுக்கு முன் பிறந்த, அதுவரை யாருக்கும் தெரியாதிருந்த மார்க்கோவின் மூத்த மகள். 700 ஆண்டுகள் கழித்தும் குடும்பத்தில் ஆள் கூடிக்கொண்டிருக்கிறது. ஆனால் எந்தக் காகிதத்திலும் கோர்ச்சுலா இல்லை.

சரி, வெனிஸில் அவர் வீட்டைப் பார்க்க முடியுமா? ரியால்டோ பாலத்திலிருந்து சில நிமிட நடை. சான் ஜோவான்னி கிரிசோஸ்டமோ ஆலயத்துக்குப் பின்னால், சுரங்கம் போன்ற வழிகளில் குனிந்து நுழைந்தால் கோர்த்தே டெல் மிலியோன் என்ற முற்றம் வரும். நடுவில் பழைய கிணற்றுமேடை. ஒரு வளைவில் பைசாந்தியக் காலத்துக் கல் வேலைப்பாடு, விலங்குகளும் பறவைகளுமாக. ‘மிலியோன்’ என்ற பட்டப்பெயர் அங்கே முற்றத்தின் பெயராகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. பக்கத்தில் மாலிப்ரான் நாடக அரங்கம். போலோ வீடுகள் இங்கே இருந்தன என்று 1881இல் பதித்த கல் அதன் சுவரில் இருக்கிறது.

‘இருந்தன’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வீடு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீயில் எரிந்துபோனது. அந்த மனையில் 1678இல் நாடக அரங்கம் எழுந்தது. அதைவிட முக்கியமாக, இந்த வீட்டைப் போலோ குடும்பம் வாங்கியதே கிழக்கிலிருந்து திரும்பி வந்த பிறகு. அப்போது மார்க்கோ 40 வயதைத் தாண்டியவர். இது அவர் முதுமையைக் கழித்த வீடு, இறந்த வீடு. பிறந்த வீடு அல்ல. 1280 உயிலை வைத்துச் சான் செவேரோ பங்கில் எங்கோ பிறந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம், அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க வழியில்லை. கல்லறையும் இல்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் லொரென்சோ ஆலயத்தை இடித்துக் கட்டியபோது அது காணாமல் போனது. பிறந்த இடத்துக்கு இவ்வளவு சண்டை, புதைத்த இடம் தொலைந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை.

கோர்ச்சுலா வீட்டின் கதையும் இப்படித்தான். இன்று நிற்கும் கட்டடம் மார்க்கோவின் காலத்துக்கு நெடுநாள் பிந்தியது. அவர் அந்தத் தீவில் பிறந்தார் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சுவர்களுக்குள் பிறந்திருக்க வழியில்லை.

அப்படியிருக்க இந்தக் கதை எப்படி வேர் பிடித்தது? இங்கே கொஞ்சம் அரசியல் வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலி என்ற நாடும் இல்லை, இன்றைய குரோவேஷியாவும் இல்லை. கோர்ச்சுலா அப்போது வெனிஸின் சோர்சி என்ற பிரபுக் குடும்பத்தின் ஆளுகைக்குள் இருந்தது. பிற்பாடு 1420 முதல் 1797 வரை நேரடியாகவே வெனிஸ் குடியரசின் கீழ். ஊரின் தேவாலய முகப்பைப் பாருங்கள், வெனிஸின் சிறகுள்ள சிங்கத்தைப் பாருங்கள், கல்லில் வெனிஸ் வாடை வீசும். அந்தத் தீவில் ஒருவர் பிறந்திருந்தாலும் உலகத்துக்கு அவர் வெனிஸ்காரராகவே தெரிந்திருப்பார். ரஸ்டிச்செல்லோவும் நூலின் தொடக்கத்தில் மார்க்கோவை வெனிஸ் நகரத்தின் குடிமகன் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். அது எந்த நகரத்தின் உரிமையும் வரியும் காவலும் அவருக்கு உரியவை என்று சொல்லும் சொல். தாய் எங்கே பெற்றாள் என்பது அதில் அடங்காது.

சிக்கல் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் தொடங்குகிறது. நாடுகள் பிறக்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் பெரியவர்கள் தேவைப்படுகிறார்கள். டால்மேஷியா தனக்குரியது என்று இத்தாலியும், குரோவேஷியா அப்போது அடங்கியிருந்த யூகோஸ்லாவியாவும் மல்லுக்கட்டின. முதல் உலகப் போர் முடிந்ததும் இத்தாலியப் படை கோர்ச்சுலாவைப் பிடித்து 1921 வரை வைத்திருந்தது, இரண்டாம் உலகப் போரில் மறுபடி வந்தது. இந்தப் பின்னணியில் மார்க்கோ எங்கள் ஊர்க்காரர் என்று சொல்வது வெறும் வம்பளப்பு அல்ல. இந்தக் கரை யாருடையது என்ற கேள்விக்குச் சொல்லும் பதில். பிறகு சுற்றுலா வந்தது. பதிலுக்கு நல்ல விலையும் கிடைத்தது. 2013இல் ஒரு குரோவேஷிய மானிடவியலாளரே கோர்ச்சுலாவின் மார்க்கோ போலோவை ‘கட்டமைக்கப்பட்ட மரபு’ என்று ஆய்ந்து எழுதினார். சொந்த நாட்டுக்காரர் எழுதியதால் அதற்கு மதிப்பு அதிகம்.

வெனிஸும் சும்மா இருக்கவில்லை. விமான நிலையத்துக்கே அவர் பெயர். 1982இல் இத்தாலி வெளியிட்ட 1000 லிரா நோட்டில் அவர் முகம். (அந்த முகம் யாருடையது என்று கேட்கக் கூடாது, அவர் வாழ்ந்தபோது வரைந்த படம் எதுவும் கிடையாது.) 2011 ஏப்ரலில் சீனாவின் யாங்சோ நகரத்தில் மார்க்கோ போலோ அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தவர் குரோவேஷியாவின் முன்னாள் அதிபர் ஸ்டியெபான் மெசிச். குரோவேஷியாவில் பிறந்த பயணி என்ற தொனியில் அவர் பேச, இத்தாலியப் பத்திரிகைகள் பொங்கி எழுந்தன. யாங்சோவைத் தானே மூன்று ஆண்டுகள் ஆண்டதாக மார்க்கோவின் நூல் சொல்கிறது. சீன ஆவணங்களில் அதற்குச் சான்று இல்லை. ஆக, உறுதியாகாத ஒரு பதவியை நினைவூட்டும் ஊரில், உறுதியாகாத ஒரு பிறப்பிடத்தைப் பற்றிச் சண்டை.

பிற பயணிகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. கொலம்பஸ் ஜெனோவாக்காரர் என்பதற்கு நோட்டரிப் பத்திரங்களே இருக்கின்றன, இருந்தும் கோர்சிகாத் தீவின் கால்வி ஊரில் அவர் பிறந்த வீட்டு இடிபாடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பயணிமூலத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மார்க்கோ பிறந்த ஊர் தெரியாது, ஆனால் அவர் வந்துபோன தமிழ் ஊர் நூலிலேயே இருக்கிறது. அதிலும் ஒரு தகராறு. 1290களின் தொடக்கத்தில், சீனாவிலிருந்து திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டவர் ‘காயில்’ என்ற பெரிய துறைமுகத்தை வருணிக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் அங்கே நிற்கும் என்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மண்மூடிக் கிடக்கும் பழைய காயல்தான் அது என்று 19ஆம் நூற்றாண்டில் அங்கே தோண்டிப் பார்த்த கால்டுவெல் முடிவு கட்டினார். இல்லை, எங்கள் ஊர்தான் என்று காயல்பட்டினத்துக்காரர்கள் சொல்வார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை, இரண்டு பக்கமும் நண்பர்கள் இருக்கிறார்கள்.

பாண்டிய நாட்டில் அவர் கண்டதைப் படித்தால், எங்கே பிறந்தவராக இருந்தாலும் கண் கூர்மையான ஆள் என்று தெரியும். உடம்பு முழுக்க முத்தும் மணியும் பூண்ட அரசன் இடுப்பில் ஒரு துணியோடு நிற்கிறான். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. கடன் கொடுத்தவன் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், பணத்தைத் தீர்க்காமல் அவன் அதைத் தாண்டக் கூடாது. அரசனே ஒரு வெளிநாட்டு வியாபாரி போட்ட வட்டத்துக்குள் நின்றதைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். அப்புறம் ஒன்று: இந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் குடிக்கும்போது பாத்திரத்தில் உதடு படுவதில்லை, அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். 700 ஆண்டுகள் கழித்தும் என் அத்தை செம்பை வாயில் வைத்துக் குடித்தால் திட்டுவார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு கோர்ச்சுலாவுக்குப் போக வேண்டுமா? கட்டாயம் போகலாம். பிறந்த வீட்டைப் பார்க்கத்தான் போகிறோம் என்று போனால் ஏமாற்றம்தான், ஊரைப் பார்க்கப் போனால் இல்லை. மேலிருந்து பார்த்தால் பழைய ஊரின் தெருக்கள் மீன் முள் மாதிரி: நடுவில் ஒரு முதுகெலும்பு, இரு புறமும் விலா எலும்புகள். மேற்குப் பக்கத்துச் சந்துகள் நேராக ஓடுகின்றன, கோடையில் வடமேற்கிலிருந்து வரும் மாயெஸ்ட்ரால் காற்று உள்ளே வரட்டும் என்று. கிழக்குப் பக்கத்துச் சந்துகள் லேசாக வளைந்திருக்கின்றன, குளிர்காலத்தில் அறைகிற பூரா காற்று நேராக நுழையக் கூடாது என்று. ஏசி இல்லாத காலத்து மூளை. புனித மாற்கு பேராலயத்தில் வெனிஸ் ஓவியர் தின்தொரேத்தோவின் ஓவியம் இருக்கிறது. மொரேஷ்கா என்ற வாள் நடனத்தை இன்னும் விடாமல் ஆடுகிறார்கள். நிஜ வாள்கள், தீப்பொறி பறக்கும். பக்கத்து லும்பார்டாவில் மணல் நிலத்தில் விளையும் க்ர்க் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயின் செய்கிறார்கள்.

டெபோலோ தெருக் கோபுரத்துக்கும் ஏறுங்கள், டிக்கெட் காசு வீணாகாது. சாயங்காலமாகப் போனால் கூட்டம் குறைவு. உச்சியில் கிழக்குப் பக்கமாகத் திரும்பி நின்றால் தீவுக்கும் பெல்யெஷாட்ஸுக்கும் நடுவே கால்வாய் தெரியும். 1298இல் வெனிஸ் கப்பல்கள் எரிந்தது அந்தப் பக்கத்து நீரில்தான். இப்போது அதில் ஒரேபிச் படகு வரும், போகும்.